பசிவேளை ரசம்

மாலை நான்கு மணி அடித்ததும் செங்காந்தள் அடுக்ககத்தின் எல்லா மாடிகளிலும் அடுப்புகள் அணைந்தன. பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. இனி மறுநாள் விடியும்வரை கோயம்புத்தூரின் இந்தப் பக்கத்தில் யாரும் ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். பசிவேளை தொடங்கிவிட்டது.

பொன்னரசு மூக்கை நன்றாகச் சிந்தித் துடைத்துக்கொண்டு சுற்றுக்குக் கிளம்பினான். அவனுக்கு எழுபத்து நான்கு வயது. அந்த வயதுக்காரரை ‘அவன்’ என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் கருகருவென்று முடியும், படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறும் காலுமாக நிற்கிற ஆளைப் பார்த்து ‘அவர்’ என்று எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. அந்த அடுக்ககத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அவன் வேலை மணக் காவல். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பான். சமையல் வாசனை இல்லையென்றால் அடுத்த வாசல். முன்பு இதற்கு நுகர்மானிக் கருவிகளை மாட்டியிருந்தார்கள். சாம்பிராணிப் புகைக்கும் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கும் அவை கூப்பாடு போட்டதில் குடியிருப்போர் சங்கத்துக்கே வெறுத்துப்போய், மனித மூக்கு போதும் என்று முடிவு செய்தார்கள். பொன்னரசின் மூக்கு சாதாரண மூக்கில்லை. காலையில் யார் வீட்டில் கொத்தமல்லி வறுத்தார்கள், யார் வீட்டில் அது கருகியது என்பதைக்கூட மாலையில் சொல்லிவிடுவான்.

“பசிக்குதுங்களா பொன்னரசு?” என்று எதிரே வந்தவர் கேட்டார்.

“நல்லாப் பசிக்குதுங்க” என்றான்.

அதுதான் அங்கே மாலை வணக்கம். பசிவேளையில் ஒருவரைப் பார்த்து ‘சாப்டீங்களா’ என்று கேட்டால் கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி முகம் சுளிப்பார்கள்.

இதெல்லாம் ஒரு மாத்திரையால் வந்தது. நம் உயிரணுக்களுக்குள் சர்டுயின் என்றொரு புரதக் குடும்பம் உண்டு. மரபிழையில் விழும் பழுதைச் செப்பனிடுவதும், ஓய்ந்திருக்க வேண்டிய மரபணுக்களை ஓய்ந்திருக்கச் செய்வதும் அதன் வேலை. அந்தப் புரதங்களை விடாமல் விரட்டி வேலை வாங்கும் ஒரு சேர்மத்தைப் பல பத்தாண்டுகள் தேடி ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள். ‘சர்டுயின் தூண்டி’ என்பது அதன் முழுப் பெயர். மக்கள் தூண்டி என்றே சொன்னார்கள். தூண்டியைத் தினமும் நான்கு மணிக்குப் போட்டுக்கொண்டால் வயது ஏறாமல் நின்றது.

ஆனால் சர்டுயின் பசியில்தான் கண் விழிக்கும். வயிறு நிரம்பினால் எத்தனை மாத்திரை போட்டாலும் தூங்கிவிடும். நான்கு மணிக்கு மேல் ஒரு சொட்டு ரசம் நாக்கில் பட்டாலும் அந்த ஓர் இரவு போச்சு, எல்லா மனிதரையும் போல அன்றைக்கு வயது ஏறும். மறுநாள் பசியோடு மாத்திரை போட்டால் மறுபடி நிற்கும். சமையல் வாசனைகூட ஆகாது. வாசனை பட்டதும் நாக்கில் நீர் ஊறி, உடம்பு சாப்பாட்டுக்குத் தயாராகி, புரதம் பாதித் தூக்கத்துக்குப் போய்விடுமாம். அதனால்தான் மணக் காவல்.

இன்னொரு விதியும் உண்டு. மாத்திரையையே தொடர்ந்து மூன்று மாதம் நிறுத்திவிட்டால், அதன் பிறகு அந்த உடம்பு தூண்டிக்கு அசைந்து கொடுக்காது. கதவு சாத்திக்கொண்டது என்பார்கள். சாத்தினால் சாத்தியதுதான்.

ஒன்பதாம் மாடிக்கு ஏறும்போதே பொன்னரசுக்கு மனசு கனத்தது. பத்துப் பன்னிரண்டு நாளாக அந்த மாடியைப் பற்றித்தான் புகார். பசிவேளையில் யாரோ பூண்டு தட்டிப்போட்டு மிளகு ரசம் வைக்கிறார்கள் என்று எட்டாம் மாடிக்காரர்களும் பத்தாம் மாடிக்காரர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். சங்கத் தலைவர் சண்முகவடிவேல் நேற்று நேராகவே கேட்டுவிட்டார். “ஏனுங்க, ஊருக்கே அடிக்கற வாசம் உங்க மூக்குக்கு மட்டும் அடிக்கறதில்லீங்களா?”

உண்மையிலேயே அடிக்கவில்லை. ஒன்பதாம் மாடியின் கோடியில் இரண்டே வீடுகள். ஒன்று மெர்சி டீச்சருடையது, மற்றது அவனுடையது. அங்கே நின்று எத்தனை முறை இழுத்தாலும் ஒன்றுமே வரவில்லை. அவன் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மெர்சி டீச்சர் வாசலில் கரிவடிகட்டி மாட்டி வாசனையை அடக்கிவிட்டு, பின்பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே விடுகிறார். வேறு எப்படி இருக்க முடியும்?

மெர்சி டீச்சர் திரைவழி கணக்குப் பாடம் எடுப்பவர். அவரிடம் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள், நான்காவது பட்டத்துக்கும் ஐந்தாவது பட்டத்துக்கும் படிக்கிறவர்கள். குழந்தைகளுக்குப் பாடம் எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஊரில் குழந்தைகளே குறைந்துபோயிருந்தார்கள்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. சமையக்கட்டை ஒருக்கா பாக்கோணும்.”

“என் வீட்டையா?” மெர்சி ஒதுங்கி வழிவிட்டார். “தாராளமா பாருங்க.”

அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பாத்திரங்கள் காய்ந்திருந்தன. கரிவடிகட்டி எதுவும் இல்லை. ஒரே ஒரு நாற்காலி மட்டும் இடமில்லாத இடத்தில், ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

“பசிவேளையில ஜன்னலைத் தெறந்து வெச்சிருக்கறீங்களே?”

“ஆமா. பத்து நாளா இங்கதான் உட்கார்ந்திருக்கேன்.” மெர்சியின் முகத்தில் திருட்டுத்தனமான ஒரு சந்தோஷம். “பூண்டு வெடிக்கிற சத்தம்கூடக் கேக்கும். அப்புறம் நெய்யில சீரகம் விழும். அந்த வாசனை வரும்போது எங்க வீட்ல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் ஞாபகம் வருது. அதனால அரை ராத்திரி அளவுக்கு வயசு ஏறினாலும் ஏறட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்ப யார் வீடுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“நான் சொல்ல மாட்டேன்” என்றார் மெர்சி. பிறகு அவன் சட்டையை ஒருமுறை பார்த்தார். “ஊர்ல எல்லா வீடும் உங்க மூக்குக்குத் தெரியுது பொன்னரசு. தெரியாத வீடு எதுன்னு யோசிச்சுப் பாருங்க.”

அவனுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. வெளியே வந்து தன் வீட்டு வாசலைப் பார்த்தபடி நின்றான். மணக் காவலுக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது, பழகிய வாசனை மூக்குக்குத் தெரியாது என்பதுதான். அவன் மனைவி சாருலதா தினமும் காலையில் பூண்டு மிளகு ரசம் வைப்பாள். நாற்பது வருஷமாக அதைக் குடித்து, அதே வாசனை ஏறிய சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் ஊரை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான்.

கீழே இறங்கித் தெருவுக்குப் போனான். குழாயடியில் உப்புக்கரைசலால் மூக்கைக் கழுவினான். சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, வேப்பமரத்தடியில் காற்று வாங்கியபடி வெகுநேரம் நின்றான். பிறகு அடுத்த ஊர்க்காரன் போல மெதுவாக மாடியேறி வந்தான். தன் வீட்டுக் கதவின் முன் நின்று மூச்சை இழுத்தான்.

பூண்டு. மிளகு. நெய்யில் பொரிந்த சீரகம். கொஞ்சம் கறிவேப்பிலை.

கதவைத் திறந்தான். சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாருலதா ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கை நின்றது. ஆனால் வாயிலிருந்ததை அவள் துப்பவில்லை, மென்று விழுங்கினாள்.

“மொதல்ல கதவைச் சாத்துங்க” என்றாள். “வாசம் வெளிய போகுது.”

சாத்தினான்.

“காலையில எதைத் தின்னாலும் வயித்துல நிக்கறதில்லீங்க. சாயங்காலம் ஆனாத்தான் நாலு வாய் எறங்குது. அதுவும் இந்த ரசம் மட்டுந்தான்.”

காலையில் அவள் சாப்பிடாததை அவனும் கவனித்திருந்தான். இவளுக்குத்தான் எவ்வளவு பசி தாங்குகிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். “காய்ச்சலா சாரு?” என்று கேட்டான். ஊரையே மோப்பம் பிடிக்கிற மனிதனுக்கு அவ்வளவுதான் தோன்றியது.

“காய்ச்சலுக்கு யாராச்சும் மாத்திரையை நிறுத்துவாங்களா?”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மாத்திரையை நிறுத்துவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வயிற்றில் வளரும் கருவுக்குத் தூண்டி ஆகாது. கரு வளர்வதற்கு வயது ஏறியாக வேண்டும். அதை நிறுத்துகிற எதுவும் அதற்கு விஷம். ஆகவே தாயாகிறவள் மாத்திரையை விட வேண்டும், அவளுக்குக் கதவு சாத்திக்கொள்ளும். சாருலதாவுக்கு அறுபத்தெட்டு முடிந்திருந்தது. உடம்பு முப்பத்து நான்கிலேயே நின்றிருந்தது. இனி அது நகரும்.

“எப்ப இருந்து நிறுத்தினே?”

“ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. தெனமும் உங்க முன்னால வாயில போட்டுக்குவேன். நீங்க அந்தப் பக்கம் போனதும் துளசித் தொட்டியில துப்பிருவேன். செடி மட்டும் அப்புடியே நிக்குது, ஒரு எலகூட விடல” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “இன்னும் கொஞ்ச நாள் போனா மூணு மாசம் முடியும். கதவு சாத்தினதுக்கு அப்பறமாச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“ஏன் அப்பறமா?”

“இப்பச் சொன்னா நீங்க அழுவீங்க. நீங்க அழுதா எம் மனசு எளகீரும்.”

அவன் அழுதுகொண்டுதான் இருந்தான். அவள் இடது கையால் முந்தானையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள். “பாருங்க, சொன்னேனில்ல?”

கல்யாணமான புதிதில் அவள் பிள்ளை வேண்டும் என்று கேட்டபோது அவன் சொன்னான், என்ன அவசரம், நேரம் இருக்கிறதே என்று. இருபது வருஷம் கழித்து மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னான். அவன் மட்டுமா சொன்னான்? ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நேரம் இருக்கிறது என்று காதலைச் சொல்லாமல் விட்டார்கள், சண்டை போட்ட தம்பியைப் பார்க்கப் போகாமல் இருந்தார்கள், பிள்ளை பெறாமல் தள்ளிப்போட்டார்கள். நேரம் தீராமல் கிடந்ததில் எதற்கும் நாள் குறிக்கவே தோன்றவில்லை.

“நானும் நிறுத்திப் போடறேன்” என்றான். “ரெண்டு பேருமே கெழடாகலாம்.”

“வேண்டாமுங்க.” அவள் குரல் கண்டிப்பாக வந்தது. “இந்தப் புள்ள பெருசாகிக் கேக்கறப்ப, அம்மா இப்புடி இருந்தா, இப்புடிச் சிரிச்சான்னு சொல்ல ஒருத்தராச்சும் ரொம்ப நாளைக்கு இருக்கோணும். நீங்க மாத்திரையை விடக் கூடாது. எனக்காகச் சத்தியம் பண்ணுங்க.”

அவன் பண்ணவில்லை. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“இன்னொண்ணு இருக்குதுங்க. அதுதான் நெசமான பயம். எனக்கு நரைக்கும். தோல் சுருங்கும். நீங்க இப்புடியே இருப்பீங்க. அப்ப என்னையப் பாக்கறதுக்கே உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். என்னைய விட்டுட்டுப் போயிருவீங்கன்னுதான்...”

பொன்னரசுக்குப் பேச்சு சாமர்த்தியம் கிடையாது. மனசில் இருந்ததை அப்படியே சொன்னான்.

“இந்தப் பத்து நாளா மாடி முழுக்க மோந்து பாத்தேன் சாரு. ஊருக்கே அடிச்ச வாசம் எனக்கு மட்டும் அடிக்கல. ஏன்னா அது உன்ற வாசம். அது எப்பவோ என்ற வாசமாயிருச்சு. உன்னைய விட்டுட்டு நான் எங்க போவேன்?”

அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்ததும், மிச்சமிருந்த சாதத்தைச் சாப்பிடு என்று சொல்லி, தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். மணக் காவலனாக வந்தபின் பசிவேளையில் ஒருவரைச் சாப்பிடச் சொன்னது அதுதான் முதல் தடவை. சத்தியத்தை அதன்பிறகுதான் செய்தான். மாத்திரையை விட மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னான்.

அன்றைக்கே தலைவரை ஃபோனில் கூப்பிட்டு, “வாசம் எங்க வீட்டுதுங்க” என்றான். சண்முகவடிவேல் நல்ல மனிதர். பிள்ளை வரப்போகிறது என்று கேட்டதும் மனசார வாழ்த்தினார். ஆனால் விதி விதிதான். இரவில் சாப்பிடுகிறவர்கள் அடுக்ககத்தில் இருக்க முடியாது. பேரூருக்கு அப்பால், நொய்யல் கரையில் உண்போர் குடியிருப்பு இருக்கிறது, மாத இறுதிக்குள் அங்கே போய்விடலாம் என்றார்.

புறப்படும் அன்று மெர்சி டீச்சர் லிஃப்ட் வரை வந்தார். சாருலதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ரசப்பொடி ஒரு கரண்டி கிடைக்குமா?” என்று கேட்டார். “சமைக்க மாட்டேன். சும்மா மோந்து பாக்கத்தான்.” சாருலதா டப்பாவோடு கொடுத்தாள்.

உண்போர் குடியிருப்பில் கால் வைத்ததும் பொன்னரசுக்குத் தலை சுற்றியது. பொழுது சாயும் நேரம். ஒரு வீட்டில் தோசை மணத்தது, ஒரு வீட்டில் கருவாடு, இன்னொன்றில் வெங்காயம். நரைத்தவர்களும் தொப்பை போட்டவர்களும் தெருவில் நடந்தார்கள். மூக்கொழுகிய பிள்ளைகள் ஓடினார்கள். அத்தனை வயதையும் ஒரே தெருவில் அவன் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. எதிர்வீட்டுப் பெண்மணி வாசலில் இருந்தபடியே, “வாங்க, வாங்க. சாப்டாச்சுங்களா?” என்று சத்தமாகக் கேட்டாள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. பதில் சொல்லத் தெரியாமல் உள்ளே போய்விட்டான்.

நான்கு மணிக்கு மாத்திரை, பிறகு பட்டினி என்று அவன் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. அந்தத் தெருவில் சாயங்காலம் நடமாடுவதே அவனுக்குப் பெரும்பாடு. அதனால் பொழுது சாய்ந்தால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்வீட்டுப் பெண்மணி அதைப் பார்த்து, இவருக்கு ஏதோ சீக்கு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஏழாம் மாதத்தில் சாருலதாவின் கால்கள் வீங்கின. காதோரத்தில் இரண்டு முடி நரைத்திருந்தது. அவள் அதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வந்தாள். அவன் அந்த இடத்தில் தினமும் ஒரு முத்தம் கொடுத்தான். நிற்க முடியாத அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஒரு நாள் மாலை அவனே ரசம் வைக்கக் கிளம்பினான். மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். இது மூக்கு செய்ய வேண்டிய வேலை.

பூண்டைத் தட்டினான். புளித் தண்ணீரின் பச்சை வாசனை எப்போது போகிறது என்று குனிந்து பார்த்தான். மிளகு கூடிவிட்டது என்று இன்னொரு தக்காளியைப் பிழிந்துவிட்டான். நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டினான். வீடே மணத்தது. மேடையேறிப் பரிசு வாங்கியவன் போல நிமிர்ந்து நின்றான்.

“உப்புப் போட்டீங்களா?” என்றாள் சாருலதா.

“போட்டேன்.”

“பத்துமா?”

அவன் ரசத்தின் மேல் குனிந்தான். மூச்சை இழுத்தான். மறுபடி இழுத்தான். ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“உப்புக்கு வாசமில்லியே சாரு.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஊரு மெச்சின மூக்கு! கையில ரெண்டு சொட்டு ஊத்தி நாக்குல வெச்சுப் பாருங்க. எல்லாரும் அப்புடித்தான் பாப்பாங்க...” என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு நினைவு வந்தது. சிரிப்பு நின்றது. “வேண்டாம், வேண்டாம். இங்க கொண்டாங்க, நான் பாக்கறேன்” என்று நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

அதற்குள் அவன் கரண்டியால் உள்ளங்கையில் ஊற்றிவிட்டான்.

“ஏனுங்க! மாத்திரை?”

“மாத்திரை நாலு மணிக்கே போட்டாச்சு. விட மாட்டேன்னுதான சத்தியம் பண்ணினேன்? விடல.”

நாக்கில் வைத்தான். பொழுது சாய்ந்தபின் நாற்பது வருஷமாக எதுவும் படாத நாக்கு அது. புளிப்பும் காரமும் சூடும் ஒன்றாக இறங்கின. காலையில் குடிக்கிற அதே ரசம்தான். ஆனாலும் விளக்கு வைத்த நேரத்தில், எதிரே அவள் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது அதன் ருசியே வேறாக இருந்தது. அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. அதை மிளகின் தலையில் போட்டுவிடலாம் என்று விட்டுவிட்டான்.

“உப்புக் கம்மி” என்றான்.

சாருலதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப இன்னிக்கு ராத்திரி உங்களுக்குப் போச்சா?”

“போச்சு.”

“நாளைக்கும் உப்புப் பாக்கோணுமே?”

“பாக்காம எப்புடி வெக்கறது?”

அவளுக்கு இப்போதுதான் முழுவதும் புரிந்தது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, இந்த மனுஷன் ராத்திரி ராத்திரியாக அவளோடு வெளியே வந்து உட்கார்ந்து வயதாகப் போகிறான். அவளுடைய நாட்கள் முடிந்தபின் உள்ளே போய், மறுபடி பசித்திருந்து, பிள்ளைக்காக வயது ஏறாமல் நின்றுகொள்வான். கோபித்துக்கொள்ள வாயெடுத்தாள். முடியவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கையில் ரசம் மணந்தது.

உப்பைப் போட்டுக் கலக்கி, அவளுக்குச் சாதம் பிசைந்து கொடுத்தான். எப்படியும் இன்றைய ராத்திரி போச்சுதானே என்று தனக்கும் ஒரு வாய் எடுத்துக்கொண்டான்.

கைகழுவ வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டுப் பெண்மணி வழக்கம்போலக் கேட்டாள். “ஏனுங்க, சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க” என்றான் பொன்னரசு.